ஞாயிற்றுக்கிழமை வீடும் என் அண்ணியும்

என் தொழிலில் நான் வக்கீலுக்குப் பயந்ததில்லை, வட்டிக்காரருக்குப் பயந்ததில்லை. பயந்தது என் அண்ணி ஒருவருக்குத்தான். நான் வீடும் மனையும் முடித்துக் கொடுக்கிற புரோக்கர். அண்ணி தபால்காரர். இருபத்தாறு வருடமாக அதே பதினேழு தெரு, அதே தோள்பை. இரண்டு தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் ஏமாந்து போனேன்.

எங்கள் பக்கத்தில் வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்க நினைக்கிற எவரும், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அண்ணியை ஒரு நடை கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவார்கள். அவர் வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்து நாலு கேள்வி கேட்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்விகள். மூன்றாவது கேள்வியில் வீட்டுக்காரர் முகம் கறுக்கும், நாலாவதில் என் கமிஷன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். புரோக்கர்கள் மத்தியில் அவருக்குக் கேள்வித்தாள் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் அண்ணி யாருக்கும் புத்தி சொல்வதே இல்லை. வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. யாருக்கு எங்கிருந்து என்ன தபால் வருகிறது என்று வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டாராம். எல்லோரும்தான் போடுகிறார்கள், போட்ட கையோடு மறந்தும் விடுகிறார்கள். அண்ணி மறக்கிற ஜாதி இல்லை. பை தோளில் இருக்கும்போது கண்ணில் பட்டதெல்லாம் பைக்குள்ளேயே போய்விட வேண்டும் என்பது அவர் கட்சி.

ஒருமுறை என் அண்ணனுக்குப் பதிவுத் தபால் வந்தது. கட்டின புருஷனுக்கு வந்த தபால், சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையோடு கொண்டுவந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பகல் பதினொன்றரை மணிக்கு முறைப்படி வந்து தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினார். அண்ணனுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரவு வேலை. உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சாவி அண்ணியின் பையிலேயே இருந்தது, ஆனால் தபால்காரர் யார் வீட்டுக் கதவையும் திறக்கக் கூடாதாம். வாசலில் சீட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் மறுநாள் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தார். என்ன தபால் என்று அண்ணி இன்றுவரை கேட்டதில்லை.

இப்படிப்பட்ட மனுஷியிடம்தான் ஊரே வீடு விசாரிக்கிறது. சொல்லத்தானே கூடாது, கேட்கலாமே என்று அவரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

இது தொடங்கியது ஒரு கணக்கு வாத்தியாரால். நான் அவருக்கு ஒரு பிளாட் காட்டியிருந்தேன். வாங்கி வாடகைக்கு விட்டால் மாதம் பிறந்தால் பணம் என்று என் வாயால் அவருக்கு ஒரு மாளிகையே கட்டிக் கொடுத்திருந்தேன். வழியில் அண்ணியைப் பார்த்தவர், அந்த பிளாட் எப்படி என்று கேட்டிருக்கிறார். அண்ணி, கீழே இருக்கிற தபால் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். வாத்தியார் பிளாட்டின் சொந்தக்காரரிடம் சாவி வாங்கித் திறந்தார். யாரும் எடுக்காத கடிதங்கள் பொலபொலவென்று விழுந்தன. ஒரே பிளாட்டுக்கு ஏழு விதமான பெயர்கள். ஏழு குடித்தனம் வந்து, ஏழும் புது விலாசம்கூடக் கொடுக்காமல் ஓடியிருக்கிறது. கணக்கு வாத்தியாருக்குக் கணக்குப் போடத் தெரியாதா என்ன? அந்த மாதம் என் வீட்டில் கைபேசிக்குப் பணம் கட்டவில்லை.

அதற்குப் பிறகு அண்ணிக்கு மவுசு வந்துவிட்டது. இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வரும் என்று ஒரு வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அப்படியானால் குளியலறையில் எதற்கு மூன்று பெரிய டிரம் என்று அண்ணி கேட்டார். இன்னொரு வீட்டில் நான்கு சுவரில் ஒரு சுவருக்கு மட்டும் ஏன் புது பெயின்ட் என்று கேட்டார், அந்தச் சுவரை விரலால் அழுத்தியபடியே. விரல் ஈரமாக வந்தது. மனை வாங்கப் போன ஒரு கண்ணாடிக் கடைக்காரரிடம், இப்போது நாம் நடந்து வந்த வழி யாருடைய பேரில் இருக்கிறது என்று கேட்டார். அது பக்கத்து மனைக்காரர் பேரில் இருந்தது. அவர் நாளைக்கே வேலி போட்டால் கடைக்காரர் தன் மனைக்கு மேலே இருந்து குதித்துத்தான் போக வேண்டும்.

வாடகை எவ்வளவு வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். போன வருஷம் எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்று அண்ணி ஒருவர்தான் கேட்பார். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். இதை விற்றுவிட்டு நீங்கள் எங்கே குடிபோகிறீர்கள், ஏன் அங்கே, என்று அண்ணி கேட்பார். இதெல்லாம் பெரிய ரகசியம் இல்லை, எவனும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் வாங்கப் போகிறவனுக்கு ஜன்னலைப் பார்த்ததும் பாதி புத்தி போய்விடும், பால்கனியைப் பார்த்ததும் மீதியும் போய்விடும். எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

அண்ணி தனக்கென்று வீடு வாங்கிய கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பதினோரு வருஷம். நான் காட்டிய வீடுகள் மட்டும் முப்பத்திரண்டு. எல்லாவற்றிலும் ஒரு கேள்வி முளைத்தது. அண்ணன் முழுத் தலை முடியோடு தேட ஆரம்பித்தவர், பத்திரப் பதிவு அன்று தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் வாங்கியது இரண்டு அறை, ஒரு கூடம், சின்னதாக ஒரு பின்கட்டு. பார்க்க ஒன்றுமில்லாத வீடு. இத்தனை வருஷத்தில் அதில் ஒரு குழாய்கூட ஒழுகியதில்லை. அதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

இதில் ஊர் தானாக ஒரு விதியைக் கண்டுபிடித்தது. அண்ணி ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லையா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அண்ணி அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் நாலைந்து பேருக்கு அது பலித்துவிட்டது. அதற்கப்புறம் வாங்குகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணியின் வாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்பார், பக்கத்து வீட்டைக் கேட்பார், சுவரைக்கூடத் தட்டிக் கேட்பார். வாங்குகிறவர் எதிரில் என்னை மட்டும் ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கொழுந்தன் பிழைப்பில் கை வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். நான் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலே ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம், வாசலில் நிழல், பெரிய பெரிய ஜன்னல். பார்த்தால் ஆசைப்படாதவர் இல்லை. பின்சுவரை ஒட்டி ஒரு ஐஸ் கம்பெனி. திங்கள் முதல் சனி வரை விடியற்காலை நாலு மணிக்கு அதன் மெஷினைப் போட்டால் ராத்திரி பத்து மணிவரை நிறுத்த மாட்டார்கள். அலமாரியில் இருக்கிற டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. அந்த வீட்டை நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காட்டுவேன்.

குடிவருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமையே சாமான் இறக்குவார்கள், திங்கட்கிழமை விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். மூன்று மாதம், மிஞ்சினால் ஐந்து மாதம். ஒவ்வொரு முறையும் புது ஆள் வைத்துக் கொடுத்ததற்கு எனக்கு ஒரு மாத வாடகை கமிஷன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மகளின் பள்ளிக் கட்டணத்தைப் பல தவணை அந்த மெஷின்தான் கட்டியது. அது அண்ணியின் தெரு. எத்தனை பெயர்கள் அந்தப் பெட்டிக்கு வந்து போயின என்று அவருக்குத் தெரியும். பைக்குள் போன விஷயம், வெளியே வராது.

அந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒருநாள் அலுத்துப் போனது, வீட்டை விற்றுக் கொடு என்றார். சரியாக அதே வாரம் ஆம்புலன்ஸ் டிரைவர் என்னிடம் வந்தார்.

முப்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனியார் ஆஸ்பத்திரி, ஓய்வூதியம் கிடையாது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குடியிருக்கச் சின்னதாக ஒரு பிளாட் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. அந்தத் தொகையில் இரண்டு குடித்தனம் வைக்கிற மாதிரி ஒரு வீடு வாங்கி, வரும் வாடகையில் புருஷனும் பெண்டாட்டியும் காலத்தை ஓட்ட வேண்டும் என்பது திட்டம். அவர் மனைவி என் அலுவலகத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வாடகை நிக்காம வரணும் தம்பி. இனிமே எங்களுக்கு சோறு அதுலதான். வருமா?"

"ஆளுங்க வரிசையில நிக்கிறாங்கம்மா," என்றேன். பொய் இல்லை. வரிசையில்தான் வந்தார்கள், வரிசையாகத்தான் போனார்கள்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தபோது ஏற்றிக்கொண்டு போனவர் இதே டிரைவர். சாலை முழுக்க வண்டி நின்ற நேரத்தில் பதினோரு நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. வீடு விற்கும்போது மட்டும் அதை நான் நினைத்துக்கொள்ளவில்லை.

போஸ்டம்மா வந்து பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை என்று டிரைவர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தேன். அப்போதுதான் சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். அண்ணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருக்கிறது, முகம் வீங்கிக் கிடக்கிறது, நாலு நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாதாம், கஞ்சி மட்டும்தானாம். நான் ரொம்ப வருத்தப்பட்டேன். போனை வைத்ததும் டிரைவரைக் கூப்பிட்டு, நாளைக்கே வீட்டைப் பார்த்துவிடலாம் என்றேன்.

வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

டிரைவர் கூப்பிட்டால் அண்ணி வராமல் இருப்பாரா? தாடையைச் சுற்றிக் கைக்குட்டை, வாய் நிறையப் பஞ்சு, வலி மாத்திரை கொடுத்த தூக்கம் கண்ணில். எந்த வீடு என்று வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியைத் தட்டி, எல்லாம் கெட்டி இரும்பு என்று டிரைவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அண்ணி பாதி அறைகளைப் பார்த்துவிட்டு, முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் எதிரே வந்து நின்று, என்னம்மா, ஒண்ணும் கேட்கவில்லையே என்றார். அண்ணி கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். பொறு, அப்புறம் சொல்கிறேன் என்று அர்த்தம். டிரைவர் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு பயபக்தியோடு கும்பிட்டார். முப்பது வருஷம் வண்டி ஓட்டிய மனுஷன்! எதிரே ஒருவர் கையைக் காட்டினால் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

அவர் மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம். பல் வலியால் பேசாமல் இருக்கிறாரோ என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாதும்மா," என்றேன். "கேக்க வேண்டியது ஏதாவது இருந்தா, வாய் நிறையப் பஞ்சு இருந்தாலும் கேட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க."

ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்திருந்தால் அண்ணி எழுதியாவது கேட்டிருப்பார். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. அன்று சாயங்காலமே டிரைவர் முன்பணம் கொடுத்தார். பத்து நாளைக்குள் மனசு மாறினால் முழுசாகத் திரும்பக் கிடைக்கும், அதைத் தாண்டினால் போனது போனதுதான் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம்.

புதன்கிழமை அண்ணியின் வாய் திறந்தது. வேலை முடிந்து நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். அலுவலகம் என்று பேர்தான், ஜெராக்ஸ் கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம். அவருக்குத்தான் திட்டத் தெரியாதே.

"அவருக்குப் பென்ஷன் உண்டா தம்பி?"

இல்லை என்றேன்.

"உங்கண்ணனை அன்னைக்கு எத்தனை நிமிஷத்துல கொண்டு போனார்?"

நான் மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பைத் துடைத்தேன்.

மூன்றாவதாக, ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அந்த வீட்டைக் காட்டினாயா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது தனி. என் பிழைப்பைக் கெடுப்பதே உங்களுக்கு வேலையா, நான் என்ன கத்தியைக் காட்டியா விற்கிறேன், பார்த்துத்தானே வாங்குகிறார்கள் என்று கத்தினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாளைக்கு லீவு எடுத்திருக்கிறேன், காலை பதினொரு மணிக்கு அவர்களை அங்கே வரச் சொல்லியிருக்கிறேன், நீயும் வருகிறாயா என்று கேட்டார். அதுவும் ஒரு கேள்விதான்.

வியாழக்கிழமை போனேன். போகாமல் இருந்தால் இன்னும் மோசமாகிவிடும் என்று தோன்றியது. ஐஸ் கம்பெனி மெஷின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, வாசலில் தபால் பெட்டியின் மூடி தானாகவே தாளம் போட்டது. பேசுவதற்குக் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. சரி, முடிந்தது கதை என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

டிரைவர் கூடத்து நடுவில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பின்னால் கம்பெனி ஓடும்போது எப்படியிருக்கும் என்று பார்த்தீர்களா என்று அண்ணி கேட்டார்.

"இதெல்லாம் ஒரு சத்தமாம்மா?" என்று சிரித்தார் டிரைவர். "முப்பது வருஷம் தலைக்கு மேல சைரன் அலற அலற வண்டி ஓட்டினவன் நான். எனக்கு இது தாலாட்டு."

அடடா, அந்த மனுஷனை அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அண்ணி விடவில்லை. இங்கே குடியிருக்கப் போவது நீங்களா என்று அடுத்த கேள்வி. இல்லை, வாடகைக்குத்தான் விடப்போகிறேன் என்றார் டிரைவர். இந்தச் சத்தத்தில் ஆள் நிற்பார்களா என்று அண்ணி கேட்டார். நிற்காமல் என்ன, தம்பிதான் சொல்லியிருக்கிறாரே, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம் என்று சொல்லி டிரைவர் என்னைக் காட்டினார். தம்பி நம்ம போஸ்டம்மா வீட்டுப் பிள்ளை, நம்மிடம் பொய் சொல்வாரா என்று வேறு சொன்னார்.

அதற்கு மேல் அண்ணிக்குக் கேட்க எதுவும் இல்லை. அந்தப் பெட்டிக்கு எத்தனை பெயர்கள் வந்தன என்று அவருக்குத் தெரியும், அதைச் சொல்ல முடியாது. சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷம் காப்பாற்றியதை என்னால் அவர் உடைக்க வேண்டி வந்துவிடும் என்று தோன்றியது. அண்ணி உடைக்கவில்லை. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த வீட்டுக்கு நீ இதுவரைக்கும் எத்தனை தடவை ஆள் வெச்சுக் குடுத்திருக்கே?"

வாங்குகிறவர் எதிரில் அண்ணி என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் குரலில் கோபம் இல்லை. கடைக்குப் போனாயா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். டிரைவரின் மனைவி என்னையே பார்த்தார். கைப்பை இப்போது மார்போடு அழுந்தியிருந்தது. இரண்டு, மூன்று என்று ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். என்னைப் பிடிக்க யாராலும் முடியாது, பிடிக்கக்கூடிய ஒரே ஆள் வாயைத் திறக்க மாட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பதினாலு," என்றேன். "ஆறு வருஷத்துல."

டிரைவருக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்து, முகத்தைக் கைப்பையில் புதைத்துக்கொண்டார். நான் மிச்சத்தையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டுவதையும், ஒவ்வொரு குடித்தனமும் வருஷத்தில் பாதி நாள் காலியாகவே கிடக்கும் என்பதையும், பல் பிடுங்கியது தெரிந்துதான் அன்றைக்கு வரச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். டிரைவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். அவமானம் ஒரு பக்கம், அந்த அம்மா உட்கார்ந்த விதம் ஒரு பக்கம். அடிப்பார் என்று நினைத்தேன். டிரைவர் அடிக்கவில்லை. பத்து நாளில் எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் கேட்டார். நாலு நாள்தான் ஆகியிருந்தது.

முன்பணம் திரும்பி வந்தது. அந்தச் சொந்தக்காரர் என்னைத் தெருவில் நிற்க வைத்துக் காதால் கேட்க முடியாத வார்த்தைகளில் திட்டினார். அதற்குப் பிறகு எனக்கு அவர் ஒரு வீடும் கொடுக்கவில்லை. அண்ணி என்னைப் பாராட்டவும் இல்லை, நல்லதுதான் செய்தாய் என்று முதுகில் தட்டவும் இல்லை. மறுநாள் வழியில் பார்த்தபோது மகளுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து டிரைவர் என் அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"வேற புரோக்கர்கிட்ட போகலாம்னுதான் வீட்டுல சொன்னாங்க. போனா அவன்கிட்டயும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நீங்க ஒரு தடவை நிஜம் சொல்லிட்டீங்க. நீங்களே குடியிருக்கிற மாதிரி ஒரு வீடு இருந்தா காட்டுங்க."

என் கையில் அன்றைக்கு நாற்பத்தோரு வீடு இருந்தது. நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றில் ஈரம், ஒன்றில் வழி, ஒன்றில் அண்ணன் தம்பி வழக்கு. ஒன்று பள்ளத்தில் இருந்தது, மழைக்கு முன்னால் தள்ளிவிட வேண்டும் என்று நானே ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். டிரைவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். கடைசிப் பக்கம்வரை புரட்டியதில் தேறியது ஒன்றுதான். அது நோட்டில்கூட இல்லை. நான் குடியிருக்கிற வீடு.

வீட்டுச் சொந்தக்காரர் மகனோடு வெளியூரில் இருக்கிறார். வீட்டை விற்றுக் கொடு என்று என்னிடம் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. சந்தை மந்தமாக இருக்கிறது என்று மாதா மாதம் போனில் அவரிடம் ஓதிக்கொண்டிருக்கிறேன். விற்றால் வாங்குகிறவர் எங்களைக் காலி பண்ணச் சொல்லுவார், மகள் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, மனைவிக்கு அந்தச் சமையலறை ஜன்னல் பிடித்திருக்கிறது. ஒருவருக்கும் காட்டாமல் பூதம் புதையலைக் காக்கிற மாதிரி காத்து வந்தேன். கீழே ஒரு தையல்காரர் குடும்பம், ஒன்பது வருஷமாக. மாடியில் நாங்கள், ஏழு வருஷமாக. குழாயில் தண்ணீர், சுவரில் ஈரம் இல்லை, பத்திரம் சுத்தம். நோட்டை மூடி வைத்துவிட்டு அதை டிரைவரிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். டிரைவர், அவர் மனைவி, வேலை முடித்துப் பையோடு அண்ணி. கீழே தையல்காரர் வீட்டைப் பார்த்தார்கள், மொட்டை மாடியைப் பார்த்தார்கள், தபால் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். இரண்டே பெயர்கள். கடைசியில் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மா கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார், முதல் முறையாக. எங்களைக் காலி பண்ணச் சொல்லப் போவதில்லை, இருக்கிறவர்களே இருந்தால் எங்களுக்கு நல்லதுதானே என்றார் டிரைவர். உள்ளே என் மனைவி பாத்திரம் உருட்டுகிற சத்தம் அப்போதுதான் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணி டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். டிரைவர் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரி. மாடியில குடியிருக்கிறவர் வாடகையை எத்தனாந்தேதி குடுக்கிறார்னு விசாரிச்சீங்களா?"

டிரைவர் என்னைப் பார்த்தார்.

"அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துருவாரு," என்றேன்.

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து," என்றேன்.

"இருபது," என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து.

டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.